சாமி குடுக்காத சிவப்புப் பூ

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.
ஆனி 27, வெள்ளிக்கிழமை.

அன்புக் கண்ணு சுகுணாவுக்கு உன் சித்தப்பன் பொன்னன் எழுதிக்கறது. இங்க நானும் உன் சித்தி சென்னம்மாளும், ரெண்டு மாடும், போன மாசம் பொறந்த கன்னுக்குட்டியும் ஒரு கொறையும் இல்லாம இருக்கறோம். கடல் தாண்டி இருக்கற நீயும் ஆஸ்பத்திரி வேலைல காலு வீங்காம, நேரத்துக்கு ஒரு வாய் தின்னு நல்லா இருக்கோணும்னு உன் சித்தி வெளக்குப் பத்த வெக்கறப்ப எல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் பத்த வெக்கறா. மழை பரவால்ல. மெளகுக்கொடி சில்வர் ஓக் மரத்துல நல்லா ஏறியிருக்குது. பலா இந்த வருசம் வெளஞ்ச வெளச்சல் மலைல எவனுக்கும் வெளையல, நேத்து ஒரு பழம் எறக்கறதுக்கு நாலு ஆளு வேண்டியிருந்துச்சு. உன் சித்தி எம் பொறத்தால நின்னு படிச்சுட்டே இருக்கறா, ரெண்டு ஆளுன்னு எழுதச் சொல்றா. ரெண்டு ஆளு.

இன்னிக்கு ஒரு எழுத்துக்கூட மிகையா எழுதக் கூடாதுன்னு அவ சொல்லிப்போட்டா, அதுக்குக் காரணம் இருக்குது சாமி. புதங்கிழமை சாயங்காலம் நீ அவகிட்டப் பேசுனயே, அப்ப அவ போனை ஒரலு மேல வெச்சு ஸ்பீக்கரைப் போட்டுட்டு மரவள்ளிக்கெழங்குக்குத் தோல் உரிச்சுட்டு இருந்தா. நான் வாசப்படில டீயோட உக்காந்திருந்தேன். பெரிய ஆட்டப் போட்டிக்கு இந்த வருசம் போகல சித்தி, சித்தப்பா ஆத்தா கோயில்ல பூ கேட்டதுல மூணு தடவையும் வேண்டாங்கற செவப்பே வந்துச்சாமே, அதனால லிஸ்ட்ல இருந்து அடிச்சுட்டேன்னு நீ சாதாரணமாச் சொன்ன. எங்கூட ஆடற பீட்டர் அதைக் கேட்டதும் ஷூவைக் கழட்டிப் பையில போட்டுட்டுப் போயிட்டான், நாலு வருசத்துல அவன் அப்படிப் போனதே இல்லைன்னும் சொன்ன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. டீ வேட்டில கொட்டுனது சூடாத் தெரியவே இல்ல. எழுத்துக் கோணிக் கெடந்தா அந்தச் சேதிதான் காரணம், நான் ஆறாவதோட படிப்பை நிறுத்துனது இல்ல.

கண்ணு, நான் பூ கேக்கவே இல்ல. மூணு தடவையும் கேக்கல, ஒரு தடவையும் கேக்கல. கேட்டேன்னு சொன்ன அன்னிக்கு நான் கோயில் பக்கமே போகல, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போனேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேப்ப. அதை முதல்ல இருந்து சொல்லோணும். நாலு வருசத்துக்கு முன்னால நீ பால்ரூம் ஆட்டம்னு ஒரு வீடியோ அனுப்புனயே, ஒரு ஆம்பள உன் முதுகுல கை வெச்சுப் புடிச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் வழுக்கிட்டுப் போற மாதிரி போறது, அதை ராசப்பன் டீக்கடைல வெச்சுத்தான் பாத்தேன். கடைல இருந்தவங்க எல்லாம் போனைக் கைமாத்திக் கைமாத்திப் பாத்தாங்க. பாப்பாயி அக்காதான், ஏனுங்க பொன்னா, அந்தாளு எப்பத்தான் கைய எடுப்பான்னு கேட்டுது. எனக்கும் திக்குனுதான் இருந்துச்சு, ஆனா வெளிய காட்டல. நம்ம மலைத் திருவிழால ஆடற சேர்வை ஆட்டத்துல கை கோத்து ஆடறதில்லையா, அதையே அந்த ஊர்ல ரெண்டு பேரா ஆடறாங்க, நாந்தான் சின்னதுல அவளுக்கு அடி போடச் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிப்போட்டேன். பீட்டருக்குக் கல்யாணமாகி ரெண்டு கொழந்தைக இருக்குதுன்னு சொன்னதும் அவங்க சமாதானம் ஆயிட்டாங்க. அவன் அந்த ஊருப் பஞ்சாயத்துத் தலைவர்னும் சொன்னேன். அது இல்லைன்னு எனக்குத் தெரியும்.

அப்பறம் வருசா வருசம் நீ லிஸ்ட் அனுப்புவ, நானும் இங்கிலீஷ் மாசத்தை எல்லாம் நம்ம மாசமா மாத்திக் காலண்டர்ல எழுதி வெப்பேன். எல்லாத்துக்கும் போக முடியாது சித்தப்பா, ஆஸ்பத்திரில லீவு மூணுக்குத்தான் கெடைக்கும், சின்னப் போட்டில நின்னு மேல வந்தாத்தான் பெரிய போட்டில மதிப்பாங்க, எதை விடறது எதைப் புடிக்கறதுங்கறதே பாதி ஆட்டம்னு நீ சொல்லிக் குடுத்தது எனக்கு அத்துப்படி. அதை இங்க நானே கண்டுபுடிச்ச மாதிரி எல்லார்கிட்டயும் சொல்லுவேன். மெளகுல ஒரு சரத்துல ஒண்ணு ரெண்டு மணி செவந்தாத்தான் அந்தச் சரத்தைப் பறிப்போம், பச்சையாப் பறிச்சாலும் வீண், முழுக்கச் செவக்க விட்டாலும் குருவி தின்னுபோடும், போட்டியும் அப்படித்தான்னு சொல்லுவேன், டீக்கடையே வாயைப் பொளந்துட்டுக் கேக்கும்.

போன பொரட்டாசில நீ அந்தப் பெரிய போட்டிக்குப் பாக்கறதுக்குத்தான் போன. பாக்கறவங்க வரிசைல உக்காந்திருந்துட்டு, முடிஞ்சப்பறம் அங்க இருந்த கப்புக்குப் பக்கத்துல நின்னு ஒரு படம் புடிச்சு அனுப்புன. அந்தப் படத்தை நான் ராசப்பன்கிட்டக் காட்டுனேன். என்னங்க, கப்பு வாங்கிருச்சுங்களான்னு கேட்டான். கேட்டவன் மொகத்துல இருந்த சந்தோசத்தைப் பாத்து எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல கண்ணு, தலைய ஆட்டிப்போட்டேன். தலைய ஆட்டுனது ரெண்டு நாள்ல திண்ணனூர் நாடு வரைக்கும் போயிருச்சு. அப்பறம் நானே பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸ் வெச்சேன், உன் படம் பெருசா, ஓரத்துல என் படம் கொஞ்சம் சின்னதா. இதை நான் உனக்குச் சொல்லவே இல்ல.

இந்த வருசம் அதே போட்டிக்கு முதல் தடவையாப் பேர் குடுக்கப் போறேன்னு நீ வைகாசில சொன்னப்பத்தான் நான் மாட்டிக்கிட்டது எனக்கு ஒறைச்சுது. ராசப்பன் வேற, இந்தத் தடவை டீக்கடை டிவில போனைச் சொருகி எல்லாரும் நேரடியாப் பாக்கறோம்னு நாளைக்கு மூணு தடவை சொல்றான். அங்க மைக்ல ஒருத்தன் இந்த ஜோடி புதுசா வந்திருக்கறாங்கன்னு சொன்னா என் கதி என்ன. அதனாலதான் பெருசுக்குச் செவப்பு வந்துச்சு, ஐப்பசில கடற்கரை ஊர்ல நடக்கற சின்னதுக்கு வெள்ள வந்துச்சுன்னு போன்ல உங்கிட்ட வாய்க்கு வந்ததை வுட்டேன். நீ சரிங்க சித்தப்பான்னு மட்டும் சொன்ன. நீ யோசிப்ப, சண்டை போடுவ, கடைசில உன் இஷ்டத்துக்குத்தான் செய்வன்னு நெனச்சேன். ஆஸ்திரேலியால நர்ஸா இருக்கறவ இந்தக் காலத்துல பூவுக்குக் கட்டுப்படுவாளான்னு நெனச்சேன். உன் அப்பன் கண்ணு மூடுன வருசத்துல இருந்து உன் படிப்பு, வேலை, பிளேன் ஏறுன நாளு எல்லாத்துக்கும் நெசமாவே பூ கேட்டுத்தான செஞ்சோம். அதை நான் மறந்தேன், நீ மறக்கல. நான் சொன்னா நீ இத்தனை நம்புவன்னு தெரிஞ்சதுதான் எனக்குப் பெரிய அடி. இந்த மலைல என் பேச்சை முழுசா நம்பற ஆளு ஒருத்தரும் இல்லைன்னு எனக்கும் தெரியும், கடல் தாண்டி அப்படி ஒருத்தி இருக்கறது புதங்கிழமைதான் தெரிஞ்சுது.

பீட்டருக்கு இந்த வருசத்தோட முப்பத்தஞ்சு முடியுது, அடுத்த வருசம் அந்த வயசுக்காரங்க பிரிவுல அவன் நிக்க முடியாது, அதனால இதுதான் நீங்க ரெண்டு பேரும் சேந்து அங்க ஆட முடியற கடைசி வருசம்னு நீ புதங்கிழமை சித்திகிட்டச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு நீ ஏன் முன்னாடியே சொல்லல. சொல்லியிருந்தா நான் வேற பொய் சொல்லியிருப்பேன்.

நேத்துக் காலைல நேரா அண்ணாமலை பூசாரிகிட்டப் போய் நடந்ததைச் சொன்னேன். அவரு கற்பூரத் தட்டைக் கீழ வெச்சுட்டு என்னையவே பாத்தாரு. முப்பது வருசமா பூசை பண்றேன், சாமி சொல்லாததை நானே சொன்னதில்ல, நீ மாட்டுக்குத் தட்டு அறுத்துட்டே சொல்லிப்போட்டயான்னு கேட்டாரு. சத்தம் போட்டுத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. எட்டு வெள்ளிக்கெழமை கோயில் கூட்டி, தண்ணி தெளிக்கோணும்னாரு, அதுக்கு முன்னால எங்க கதை அளந்தயோ அங்கயே போய்ச் சொன்னதைத் திருப்பி எடுத்துருன்னாரு. டீக்கடைக்குப் போனேன். பத்துப் பன்னெண்டு பேர் இருந்தாங்க, இல்ல, ஏழு பேர். நின்னுட்டே சொன்னேன், எங்க சுகுணா கப்பு வாங்கல, அந்தப் போட்டில ஆடவே இல்ல, பக்கத்துல நின்னு படம் புடிச்சுதுன்னு. ராசப்பன் டீயை ஆத்துனவன் ஆத்துன கையோட நின்னுட்டான், டீ பூரா அவன் கால்ல. எனக்கென்ன பயம்னா சிரிப்பாங்கன்னு. யாரும் சிரிக்கல. ராசப்பன்தான் காலைத் தொடச்சுட்டு, ஏனுங்க பொன்னண்ணா, அந்தப் படத்தை என்ற மச்சினன் ஊட்டுக்கெல்லாம் அனுப்பி அது எனக்கு அக்கா மக முறைன்னு சொல்லி வெச்சிருக்கறனே, நான் இப்ப என்னத்தைச் சொல்றதுன்னு அழுகாத கொறையாக் கேட்டான். உனக்கும் அவனுக்கும் ஒரு சொந்தமும் இல்ல. ஊரே இந்தப் படத்தை வெச்சு ஆளுக்கொரு பக்கம் அளந்திருக்குது, கண்ணு. அப்பறம் அவனே, அப்ப இந்தப் பொரட்டாசிக்கு அது போய் நெசமாவே வாங்கிட்டு வந்தாத்தாங்க நம்ம ரெண்டு பேரு மானமும் நிக்கும்னான். எனக்கு எங்கிருந்து கோவம் வந்துச்சோ தெரியல, உன் மானத்தையும் என் மானத்தையும் சொமந்துட்டு அது ஆட வேண்டியதில்ல, ஆடறதுக்கு அதுக்குப் பீட்டர் ஒருத்தன் போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன். வர்ற வழில பிளெக்ஸைக் கழட்டினேன். மாட்டுக் கொட்டாய்க்கு மேல போடலாம்னு பாத்தேன், புள்ள மொகத்துல மழை பேயட்டும்னா கழட்டுனன்னு உன் சித்தி புடுங்கி மடிச்சுப் பொட்டிக்குள்ள வெச்சுட்டா.

இன்னிக்குக் கோயில் கூட்டிட்டு இருந்தப்ப பூசாரி கூப்புட்டாரு. ஒரு எலைல வெள்ள அரளி, ஒரு எலைல செவ்வரளி, ரெண்டு பொட்டலமும் கட்டி ஆத்தா காலடில வெச்சிருந்தாரு. பொய்யாச் சொன்னதை இப்ப மெய்யாக் கேட்டுரலாம், வெள்ள வந்துச்சுன்னா அந்தப் புள்ளைக்குத் தைரியமா எழுதுன்னாரு. எனக்கும் ஒரு நிமிசம் ஆசைதான். ஒடனே மனசுக்குள்ள, செவப்பு வந்துட்டா என்ன பண்ணுவன்னு ஒரு கேள்வி வந்துச்சு. செவப்பு வந்தா நான் உனக்கு வெள்ளைன்னுதான் எழுதுவேன், என்னைய எனக்குத் தெரியாதா. அதனால, வேண்டாங்க சாமி, அது ஆடறது, அதுவே முடிவு பண்ணிக்கட்டும்னு கையக் கும்புட்டுட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமயே வந்துட்டேன். பூசாரி எனக்குத் துண்ணூறு நெறைய வெச்சு அனுப்புனாரு.

ஞாயித்துக்கிழமையோட பேர் குடுக்கற கெடு முடியுதுன்னு சொன்னயே. தபால் அதுக்குள்ள வந்து சேராதுன்னு உன் சித்தி இதைப் பக்கம் பக்கமாப் படம் புடிச்சு இப்பவே அனுப்பறா. போன்ல பேசுனா என் நாக்குத் திரும்பவும் வேற பக்கம் போயிரும், அதனாலதான் எழுதறேன். நீ இதைப் படிச்சதும் முதல்ல பீட்டர் ஊட்டுக்குப் போ. என் சித்தப்பன் பொய் சொல்லிப்போட்டான், தப்பு என்னுது இல்லைன்னு அவன்கிட்டச் சொல்லு. அவன் மறுபடி ஆட ஒத்துக்குவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது, ஒத்துக்குவான்னு எழுதறதுக்குக் கை வருது, ஆனா எழுத மாட்டேன். ரெண்டு பேரும் உக்காந்து அந்த லிஸ்டை முதல்ல இருந்து பாருங்க. பெருசுக்குப் போறதுன்னாலும் சரி, சின்னதுக்குப் போறதுன்னாலும் சரி, எதுக்கும் வேண்டாம்னாலும் சரி. போனா, எத்தனாவதா வந்தயோ அந்த எண்ணை மட்டும் எனக்குச் சொல்லு. பத்தாவதுன்னா பத்தாவதுன்னு, கடைசின்னா கடைசின்னு டீக்கடைல நான் நின்னுட்டுச் சொல்றேன்.

காலுக்கு வெந்நீர் ஊத்திக்க. ஆட்டத்துக்கு முன்னால வெறும் வயித்தோட நிக்காத. ஆத்தா உன்னையும் அந்தப் பீட்டரையும் அவன் கொழந்தைகளையும் ஒரு கொறை இல்லாம வெச்சிருக்கோணும், நீ காலெடுத்து வெக்கற எடத்துல உனக்கு வழுக்காம இருக்கோணும். ஞாயித்துக்கிழமை, மறந்துறாத சாமி.

இதுல எழுதுனதை எல்லாம் உன் சித்தி ரெண்டு தடவை படிச்சுப்போட்டா. என் கையெழுத்து மட்டும் இருந்தாப் பத்தாதுன்னு அவளும் கீழ போடறா.

உன் சித்தப்பன்,
பொன்னன்.

சாட்சி: சென்னம்மாள்.