வேதக்கோயில் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

1967 அக்டோபர் 9, திங்கள்
பதிவேட்டில் இன்றும் அதே: ‘மழை – விடுமுறை.’ மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு வேறென்ன எழுத? நாலாம் வகுப்பு கன்னியம்மா, மனக்கணக்கில் புலி, மழை விட்டாலும் வருவதில்லை. அம்மா ராஜம்மா களை பறிக்கக் கூட்டிப் போகிறாள். கேட்டதற்கு, “ஸ்கூலு இன்னிக்கு கீது, நாளைக்கு இல்ல. வயலு தெனிக்கும் கீது டீச்சர்” என்றாள். கோபம்தான் வந்தது.

அக்டோபர் 12
பாரிவாக்கம் ரோட்டோரம் வேதக்கோயில் பூட்டிக் கிடக்கிறது. சபைக்காரர்கள் ஆவடிப் பக்கம் வேலைக்குப் போய்ப் பதினைந்து வருஷம். பூந்தமல்லி பாதிரியாரைப் போய்க் கேட்டேன். “கட்டடம் பத்திரம் என்று ஓவர்சியர் எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூடம் நடத்துங்கள்” என்று சாவியையே கொடுத்துவிட்டார். உள்ளே தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லை நிமிர்த்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. இத்தனை மழைக்கும் தரை காய்ந்திருக்கிறது! வௌவால் நாற்றத்தைப் பினாயில் பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் 16
ஓவர்சியர் வீரராகவன் வந்தார். கோயிலும் முன்மண்டபமும் சேருமிடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதினார். “பொங்கல் வரைக்கும் உடையாம இருந்தா கையெழுத்துப் போடறேம்மா. உடைஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். இடிச்சிட வேண்டியதுதான்.”

நவம்பர் 2
உடையவில்லை.

நவம்பர் 20
உடையவில்லை. காலையில் சாமி கும்பிடுவதுகூட இதைப் பார்த்த பிறகுதான்.

டிசம்பர் 11
உடைஞ்சிடுச்சு. நட்டநடுவில் ஒரே கோடு. போச்சு, எல்லாம் போச்சு. எவனோ கல்லெறிந்தான் என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டு, பிள்ளைகளை அதற்கடியில் உட்கார வைப்பேனா? சீ, என்ன புத்தி இது.

டிசம்பர் 13
மனசு கேட்கவில்லை. கொத்தனார் துலுக்கானத்தை அழைத்துப் போனேன். வெடிப்போரம் காரையைச் சுரண்டினார். “இன்னா டீச்சர், வெடிப்புன்னா கல்லு ஒடஞ்சிருக்கணுமே? இங்க ஒரு கல்லுகூட ஒடயல. ரெண்டு செவுத்தையும் கோக்காமலே கட்டிக்கீறாங்க.” பள்ளி ஸ்கேலால் அளந்தேன். கோயில் செங்கல் ஒரு அங்குல கனம். மண்டபத்துச் செங்கல் மூன்று. கோயில் நிலைப்படியில் 1839. மண்டபத்தில் பாசியைத் துடைத்தால் 1886! யாரோ ஆசைப்பட்டுப் பிற்பாடு ஒட்ட வைத்த மண்டபம். நகர்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 18
கண்ணாடி உடைந்ததை ஓவர்சியரிடம் நானே முதலில் சொன்னேன். பிறகு செங்கல் கணக்கை. வீரராகவன் தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தார். மண்டபம் இரண்டு அங்குலம் சாய்ந்திருக்கிறது. கோயில் சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. “மண்டபத்தை மட்டும் இறக்கிடுங்க” என்றார். அங்கேயே கையெழுத்து. காகிதத்தை மூன்று முறை படித்தேன்.

1968 ஜனவரி 29
மண்டபம் இறங்கியது. செங்கல் மதிய உணவுக் கொட்டகைக்கு ஆகும் என்கிறார் துலுக்கானம். 1886 கல்லை மட்டும் உள்சுவரில் பதிக்கச் சொன்னேன். ஆசைப்பட்டவர்கள் பாவம்.

ஜூன் 10
கோயிலுக்குள் முதல் நாள் பாடம். கன்னியம்மா வரவில்லை. “மழ வரட்டும், பாக்கலாம்” என்றாளாம் ராஜம்மா.

நவம்பர் 4
விடியலிலிருந்து கொட்டுகிறது. பழக்கதோஷம், பதிவேட்டில் ‘மழை’ என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டுப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ராஜம்மாவும் கன்னியம்மாவும் வாசலில். ராஜம்மா கூரையை அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“வயலுக்குத்தான் டீச்சர் இன்னிக்கு லீவு” என்று மகளை உள்ளே தள்ளினாள்.