அது சிறகு இல்லை

அலுவிகாரை,
மாத்தளை.
செவ்வாய்க்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள றிஸ்னாட வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நாங்க மூணு பேரும் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீங்க டோஹாவுல சொகமா இருக்கணும்னு ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்கிறேன். போன் இருக்க இவ என்னத்துக்குக் கடிதம் எழுதுறான்னு நினைப்பீங்க. ஆறு பேர் இருக்கிற அறையில ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசுறீங்க. நான் சொல்லப்போறது ஆறு பேர் கேக்கிற கதை இல்ல. றிஷாத் நாநா லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை அங்க வாறார். அவர்ட கையில குடுத்து விடுறேன்.

மாமிக்கு சீனி இன்னும் கூடித்தான் இருக்கு. கிளினிக்ல நம்பர் எடுக்க ஆறு மணிக்குப் போனா, வீட்டுக்கு வர பகல் ரெண்டு மணி. வந்ததும் ஒளிச்சு வெச்ச இனிப்புத் தொதலைத் திங்கிறாங்க. கேட்டா ஒரு துண்டுதானேங்கிறாங்க. றிஸ்னாட முன்பல் ரெண்டும் விழுந்திட்டு. பல்லு முளைக்கும் வரைக்கும் வாப்பாவுக்கு போட்டோ அனுப்பக் கூடாதுன்னு எனக்கு சட்டம் போட்டிருக்கா. எனக்குத்தான் ஒண்ணுக்கும் ஏலாது. விடிய எழும்பும்போதே களைச்சுப்போய் எழும்புறேன்.

இனி உங்கட வாப்பா விட்டுட்டுப் போன சைக்கிள். எட்டு மாசமா போன் எடுத்தா ஸலாத்துக்கு அடுத்த பேச்சு அதுதானே. அந்த இத்தாலிச் சைக்கிளை செஞ்சது யாருன்னு தெரியணும், நீங்க நினைக்கிற பெரிய பேர்தான்னா வேலையை விட்டுட்டு வந்து, ஒரு கடை திறந்து, அதை முகப்புல தொங்கவிட்டு, றிவர்ஸ்டன் மலைக்குப் போற வெள்ளைக்காரங்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுவேன்னீங்க. இல்லாட்டி மாசக் கடைசியில கொம்பனிக் கடிதத்துல ஒப்பம் வெச்சு இன்னும் ரெண்டு வருஷம் இருப்பேன்னீங்க. நாங்க மூணு பேரும் ஒரு பழைய சைக்கிள்ட பேரைப் பார்த்துக்கிட்டு இருக்கிறோம். யா அல்லாஹ், இப்படியும் ஒரு தலைவிதியா!

நீங்க சொன்னபடி அடியில பார்த்தேன். 55ன்னு இருந்ததை அனுப்பினேன். ஐம்பத்தஞ்சாம் வருஷத்துச் சாமான்னு துள்ளிக் குதிச்சீங்க. காலேஜ்ல மெக்கானிக் பாடம் படிப்பிச்சு ரிட்டயராகி இங்க இருக்கிறாரே தர்மலிங்கம் சேர், அவர்ட்ட கொண்டு போனேன். அது வருஷமும் இல்ல, நம்பரும் இல்ல, சைக்கிள்ட சைஸ்னு சொல்லிட்டார். பக்கத்துல சைக்கிள் திருத்துற கிஷாந்தைக் கூப்பிட்டு பெடல் அச்சைக் கழட்டச் சொன்னார். இங்கிலாந்து சைக்கிள்ல அச்சைப் பிடிச்சிருக்கிற வலப்பக்கக் கப் எதிர்ச் சுத்தாத்தான் கழலுமாம். கிஷாந்த் அந்தப் பழக்கத்துல திருக, அது இன்னும் இறுகிச்சு. சேர் சிரிச்சார். இதுல ரெண்டு பக்கமும் ஒரே சுத்துத்தான். அச்சுக் குழாயும் சரியா எழுவது மில்லிமீற்றர், இத்தாலிக்காரன்ட அளவு. இத்தாலிங்கிறதுல சந்தேகமே இல்ல, ஆனா யாரு செஞ்சதுன்னு சொல்ல முன் குழாய்ல இருந்த படம் வேணும்னார். ஹேண்டிலுக்குக் கீழ யாரோ சுரண்டி எடுத்திருக்கிறாங்கன்னு தடவிக் காட்டினார். படத்துல என்ன இருந்திச்சுன்னு கேட்டார். எனக்குத் தெரியாதுன்னு பொய் சொன்னேன்.

சுரண்டினது நான்தான்.

கல்யாணம் முடிஞ்ச முதல் மாசம். நமக்கு இருந்தது அந்த ஒரு அறை. சைக்கிள் கிப்லாப் பக்கத்துச் சுவர்ல சாஞ்சு நிக்கும். நான் தொழ தக்பீர் கட்டினா நேரா என்னையே பார்த்துக்கிட்டு ஒரு உருவப் படம். படம் இருக்கிற இடத்துக்கு மலக்குமார், அல்லாஹ்ட வானவங்க, வர மாட்டாங்கன்னு சின்னதுல ஓதிக்குடுத்தது மனசை அரிச்சுக்கிட்டே இருந்திச்சு. சைக்கிளை வெளிய எடுங்கன்னு சொல்ல புது மருமகளுக்கு வாய் வருமா? நீங்க தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்தப் போன ஒரு பகல்ல, நெயில் பொலிஷ் எடுக்கிற தண்ணியும் பழைய கத்தியுமா உக்காந்து சுத்தமா எடுத்துட்டேன். எழுத்தெல்லாம் மாமா அடிச்ச நீலப் பெயின்டுக்குள்ள எப்பவோ மறைஞ்சிருந்திச்சு. மிஞ்சின ஒரே அடையாளத்தை நான் அழிச்சேன். நீங்க கவனிக்கல்ல. அடுத்த மாசம் டோஹாவுக்கு ஏறிட்டீங்க.

நீங்க சின்னதுல பார்த்ததா சொல்லுறீங்களே, சிறகு விரிச்ச பறவைன்னு, அது சிறகு இல்ல. முடி. காத்துல விரிஞ்ச முடியோட ஒரு பொம்பளட முகம், கீழ மூணு பூ. ரெண்டு மணித்தியாலம் முகத்துக்கு முகம் பார்த்துச் சுரண்டினவளுக்குத் தெரியாதா? உங்கட பெரிய பேர்க்காரன்ட அடையாளம்தானே சிறகு விரிச்ச பறவை. அதனாலதான் எட்டு மாசமா வாயத் திறக்கல்ல. திறந்தா நீங்க வர மாட்டீங்கங்கிற பயம்.

போன மாசம் மனசு கேக்காம திரும்பப் போய் சேர்ட்ட உண்மையைச் சொல்லி, றிஸ்னாட கொப்பியில வரைஞ்சும் குடுத்தேன். அவர் தேத்தண்ணி ஊத்தித் தந்தார். பழைய சைக்கிள் சேக்கிற இத்தாலிக்காரர் ஒருத்தருக்கு அனுப்பினாராம். நேத்து பதிலும் ஒரு படமும் வந்திச்சு. அதே முகம், அதே மூணு பூ. குழாய் மூட்டுல வெட்டியிருக்கிற ஓட்டையும் நம்மடதுல இருக்கிற மாதிரியே இருக்கு. செஞ்சவன்ட பேர் லோர்வினி. மிலான் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் செஞ்சு, பிறகு மூடிட்டாங்களாம். யாருக்கும் தெரிஞ்ச பேர் இல்ல. அந்தப் பொம்பள அண்ணன்காரன்ட பொஞ்சாதியாம். அவன் செஞ்ச ஒவ்வொரு சைக்கிளுக்கும் அவட முகத்தைத்தான் முன்னால ஒட்டுவானாம். அதைக் கேட்டு எனக்கு வெக்கமாவும் இருந்திச்சு, அழுகையாவும் வந்திச்சு.

சுரண்டினதுக்கு என்னை மன்னிச்சிருங்க. எட்டு மாசம் மறைச்சதுக்கும் மன்னிச்சிருங்க. ஆனா ஒண்ணு கேக்கிறேன், கோவிக்காதீங்க. வராம இருக்க முதல்ல தங்கச்சிட கல்யாணம்னீங்க. பிறகு கூரைன்னீங்க. இப்ப சைக்கிள். இனி அதுக்கும் பேர் தெரிஞ்சாச்சு, சாட்டுச் சொல்ல ஒண்ணும் மிஞ்சல்ல. வாடகைச் சைக்கிள் ஓட்டுறவன் முகப்புல என்ன தொங்குதுன்னு பார்க்க மாட்டான். வர விருப்பம்னா அந்தக் கடிதத்துல ஒப்பம் வெக்காம வாங்க. விருப்பம் இல்லன்னா அதையும் எனக்கு நேரா எழுதுங்க, ஸபூர் செஞ்சு பொறுத்துக்குவேன். வழி பார்த்துப் பார்த்து இருக்கிறதுதான் எனக்கு இனி ஏலாது.

அல்லாஹ் உங்களுக்கு ஆயுளையும் ஆரோக்கியத்தையும் தரணும், வெயில்ல இருந்து காக்கணும். பதில் எழுதுவீங்கதானே. அதுல சைக்கிளைப் பத்தி ஒரு வரியும் வேணாம்.

வஸ்ஸலாம்,
மஸூதா