கத்தோலிக்கப் பாடத்தில் முதற்பரிசு

வியாழன், மார்ச் 12

எங்கள் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பிக்க ஆளில்லை. அதனால் தரம் ஆறிலிருந்து கத்தோலிக்கம்தான் படிக்கிறேன். பத்துக் கட்டளையையும் நித்திரையிலும் சொல்வேன். இந்த முறை வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான்.

நாளை பரிசளிப்பு விழா. இன்று அதிபர் சிஸ்டர் கூப்பிட்டார். "பிள்ளை, அந்தப் பரிசை மட்டும் என்ர கந்தோர் அறையில வந்து வாங்குங்கோ. சைவப் பிள்ளைக்கு மேடையில தந்தால் சில பெற்றோர் கதைப்பினம்."

"கதைக்கட்டும் சிஸ்டர். கேள்வித்தாள் என்ர சமயத்தைக் கேக்கேல்லையே."

சிஸ்டர் பரிசுப் பட்டியலை எடுத்து மறுபடி பார்த்தார்.

வீட்டில் சீருடையை மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள், "நாளைக்கு ஒரு நாள் திருநீறு பூசாமல் போ பிள்ளை."

நாளைக்குத்தான் நன்றாகப் பட்டையாகப் பூசுவேன். பெயரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், முன்வரிசையில்தான் இருப்பேன்.