தறிக்கூடத்து ஃபியூஸ் கட்டை

வெண்ணந்தூரிலிருந்து நூல் மில்லுக்குக் கிளம்பும் முன், தூங்கும் கணவன் குமரகுருவுக்கு வித்யா சீட்டு எழுதினாள். பழுதான தறி மோட்டாரைத் தொட வேண்டாம் என்று நேற்று அவள் சொன்னதற்கு, "எனக்குத் தெரியாத மோட்டாரா?" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

"ஏனுங்க, சோறாக்கி வெச்சிருக்கறன். மோட்டாரைப் பிரிக்காதீங்க. எலக்ட்ரீசியன் சாயங்காலம் வாரேன்னாருங்க."

போன ஆடியில் மெயினை அணைக்காமல் அதே மோட்டாரைப் பிரித்த கொழுந்தன் செங்கோடன், ஷாக்கடித்துச் செத்துப்போனான். தறிச் சத்தத்துக்குள் "அண்ணி" என்று அவன் கூப்பிடுவது இன்னும் அவளுக்குக் கேட்கிறது.

எழுதியது போதாது என்று பட்டது. மெயினை அணைத்து, தறிக்கூடத்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"ஃபியூஸ் கட்டை எங்கிட்ட இருக்குது. கோவிச்சுக்கோங்க, பரவால்லீங்க. நான் வாரப்ப நீங்க ஊட்டுல உசுரோட இருக்கோணும்."