சுகர் ஏறினது வேறு, வந்தது வேறு

விருதுநகர்
9-7-2006

அன்பு மகள் முஹ்சினாவுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே உன் அம்மா நலம். ஊரில் உள்ள ஆடு, கோழி, மீன் எல்லாமும் நலம், நம் வீட்டில்தான் அவற்றை யாரும் தொடுவதில்லையே. போனில் சொல்லலாம் என்றால், ரிசீவரைத் தூக்கியதும் உன் அம்மா வந்து காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மதுரையில், கல் அடைத்துக் கெட்டுப்போன என் இடது கிட்னியை எடுத்தார்கள் அல்லவா, மறுநாள் டாக்டர் உன் அம்மாவிடம், சுகர் ஏறியிருக்கு, பயப்படாதீங்க, ஆபரேஷன் ஸ்ட்ரெஸ்தான் என்றார். இந்த மனுசனுக்கு என்ன ஸ்ட்ரெஸ், கடையில உக்காந்து ஊர்க்கதை பேசுறவருக்கு என்று அவரையே மடக்கினாள். அதே கையோடு உனக்குப் போன் போட்டு, அத்தாவுக்கு சுகர் வந்துருச்சு என்று அழுதாள். ஏறினது வேறு, வந்தது வேறு என்று நீயாவது கேட்டாயா? முட்டை கூடாது, கறி கூடாது, ஒத்தைக் கிட்னி தாங்காது என்று அங்கிருந்தே தீர்ப்பு சொல்லிவிட்டாய். பி.காம். படித்துவிட்டு வைத்தியம் பார்ப்பது நம் வம்சத்தில் நீ ஒருத்திதான் தாயீ.

அன்றிலிருந்து எனக்குக் கேப்பைக் கஞ்சியும் பாகற்காயும். தெருமுனைக் கடையில் பரோட்டா பொரிக்கிற வாசனை மட்டும் தடையில்லாமல் வருகிறது. எதிர்வீட்டுச் சொர்ணலட்சுமி எட்டிப் பார்த்து, என்னண்ணே, தீக்குச்சி கணக்கா ஆயிட்டீக, தலை மட்டுந்தான் மிச்சமிருக்கு என்கிறது. சிரித்தேன், தையல் வலித்தது. அந்தத் தையல் ஒரு ஓரத்தில் இன்னும் கூடவில்லை. நேற்று கக்கூஸ் போக எழுந்தவன் தொடை நடுங்கி விழப் பார்த்தேன்.

போன வாரம் தையலைக் காட்டப் போனபோது டாக்டர் கஞ்சிக் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். உன் அம்மா அப்போது மருந்துக் கடை வரிசையில் நின்றாள். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். டாக்டர் வெட்டினாலும் எதிரி வெட்டினாலும் உடம்புக்கு ஒன்றுதானாம். பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்தது போலப் பதறி, இருப்பில் உள்ள சர்க்கரையை எல்லாம் ரத்தத்தில் கொட்டுமாம். ஏறின சுகர் தானாக இறங்கியும்விட்டது. ஆனால் புண் ஆறுவதற்கு உடம்பு தன் சதையைக் கரைத்து அனுப்புமாம். வெளியிலிருந்து முட்டை, பருப்பு, மீன் வராவிட்டால் தன்னையே தின்னுமாம். இருக்கிற கிட்னி நன்றாக வேலை செய்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார்.

வீட்டில் வந்து சொன்னால், ஒரு முட்டைக்காக டாக்டர் மேலயே பொய் சொல்றீகளே என்கிறாள். வா, அவரிடமே கேட்போம் என்றால், மகள் சொன்ன பிறகு டாக்டர் எதுக்கு என்கிறாள். நான் என்ன செய்ய? உன்னைப் பெற்றதற்கு நோன்பு நோற்கிறேன்.

ஆகவே இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போடு. அத்தா மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் டாக்டர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், முதலில் அவரிடம் கேள். உங்கள் இருவருக்கும் அல்லாஹ் பரக்கத்தையும் நல்ல சுகத்தையும் தரட்டும். பெருநாளுக்கு நீ வரும்போது நானே எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும் என்று ஆசை. அதற்குத் தொடையில் கொஞ்சம் சதை வேண்டும் மகளே.

இப்படிக்கு,
உன் உத்தரவுக்குக் காத்திருக்கும் அத்தா,
கா. சாதிக் பாட்சா