ஏழாம் கட்டத்துப் பாலம்

காரோடு
ஜூன் 9, 2024

அன்புள்ள ஞானபாய்க்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி என்று எழுது. பனச்சமூட்டில் உன் அக்காள் வீட்டுச் சாப்பாடு உனக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. பாறசாலையில் ஒரு பஸ் மாறினால் வந்து சேரக்கூடிய இடத்துக்குத் தபால் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. இந்தக் காலத்துப் போனில் இரைச்சல்தான் வருகிறது, வார்த்தை வருவதில்லை.

விஷயம் இதுதான். உன் மகன் ஜெனில் கானடாவுக்குப் போகும் முன் லேப்டாப்பில் எமுலேட்டர் என்று ஒன்றை ஏற்றி வைத்தானே. நான் தம்மாமிலிருந்து கொண்டுவந்த கேம் மெஷின் செத்தாலும் அதன் விளையாட்டெல்லாம் இதில் அப்படியே ஓடும் என்றான். ஓடவில்லை, நொண்டுகிறது. பட்டனை அமுக்கினால் விளையாட்டில் வருகிற அந்தக் குள்ளன் யோசித்துவிட்டுத்தான் எம்பிச் சாடுகிறான். சத்தமும் கரகரவென்று உடைந்து வருகிறது. ஏழாம் கட்டத்தில் ஆற்றுப் பாலம் உண்டல்லவா? பலகை ஒவ்வொன்றாக முளைக்கும். முளைக்கும்போது டிங் என்று மணி அடிக்கும். அடித்தவுடன் சாட வேண்டும். முன்பெல்லாம் நீ இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்து “சாடு, சாடு” என்பாய். இப்போது ஒவ்வொரு முறையும் ஆற்றில் விழுகிறேன். ஜெனிலிடம் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. வெளியே துணி துவைக்கிற அலக்குகல் பக்கத்தில் வழுக்கி விழுந்த அன்று நீ என்னைக் கூப்பிட்டதாகவும், நான் வேண்டுமென்றே வரவில்லை என்றும் உன் அக்காளிடம் சொல்லியிருக்கிறாய். நான் அடுக்களைக்கு இந்தப் புறம்தான் உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. காலையில் நடந்த சண்டைக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தாய். இதை எத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
சுவாமிதாஸ்


பனச்சமூடு
ஜூன் 17, 2024

ஜெனிலுக்க அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வலி குறைந்திருக்கிறது. கம்பு ஊன்றாமல் ஆராதனைக்குப் போய்வந்தேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை.

ஜெனிலிடம் பேசினேன். நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்துவிட்டான். “அம்மா, அப்பா சார்ஜர ஊரிப் போட்டுட்டு விளையாடுவாரு. கறண்டு மிச்சம் ஆக்கும்” என்று சிரிக்கிறான். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் சக்தியை அடக்கிக்கொள்ளுமாம், அதனால்தான் நொண்டுகிறதாம். சார்ஜரைக் குத்தி, பவர் என்கிற இடத்தில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ வையுங்கள். திறந்து கிடக்கிற மற்றதையெல்லாம் மூடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் சத்தம் வந்து சேருவதற்குள் படம் முன்னே போய்விடும். வயர் உள்ள ஸ்பீக்கரே நல்லது. எமுலேட்டரில் ‘ஆடியோ லேட்டன்சி’ என்று ஓர் எண் உண்டாம். அதை அதிகமாகக் குறைத்தால் கரகரக்கும், ஏற்றினால் சத்தம் பிந்தும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கரகரப்பு எங்கே நிற்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.

நான் கூப்பிட்டேன். ஜெனிலுக்க அப்பா என்று கூப்பிட்டேன். அப்புறம் கலியாணம் ஆன நாள்முதல் வாயால் சொல்லாத உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு வீடு தள்ளியிருக்கிற லேகா கேட்டு ஓடிவந்தாள். நீங்கள் வரவில்லை. இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஞானபாய்


காரோடு
ஜூன் 25, 2024

அன்புள்ள ஞானபாய்க்கு,

அவன் சொன்னபடி செய்தேன். சார்ஜர் விஷயத்தில் அவனுக்கு என்ன சிரிப்பு? நான் மிச்சம் பிடித்துத்தான் அவனைப் படிக்க வைத்தேன். போகட்டும், நொண்டல் தீர்ந்தது. அமுக்கின கணமே குள்ளன் சாடுகிறான். கரகரப்பும் நின்றது.

ஆனால் டிங் வரவில்லை. மத்தளம் கேட்கிறது, ஆற்றின் இரைச்சல் கேட்கிறது, அக்கரையில் பூதம் நடக்கிற சத்தம் நெஞ்சில் இடிக்கிறது. மணி மட்டும் இல்லை. நான் எந்தப் பள்ளியிலும் கரண்ட் வேலை படித்தவன் அல்ல. பழுது எங்கே என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அதையே இங்கும் செய்தேன். எமுலேட்டரில் சத்தத்தை நாலு சேனலாகப் பிரித்திருக்கிறார்கள். மற்ற மூன்றையும் அணைத்தால் ஏதோ ஒன்று குறைகிறது. முதல் சேனலை அணைத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி. ஆகவே அந்தச் சேனல் செத்துவிட்டது. இதை ஜெனிலிடம் அப்படியே சொல். சத்தத்தை முழுக்க ஏற்றியும் பார்த்துவிட்டேன்.

இந்த வீட்டில் எல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டுப் போகிறது. குக்கரில் விசில் வருவதில்லை, பருப்பு கரிந்துபோயிற்று. வாசல் பெல்லும் கெட்டிருக்க வேண்டும். தபால்காரர் அடித்தேன் அடித்தேன் என்று சத்தியம் செய்கிறார். லேகா வந்து எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனாள். இப்போது உள்ளவர்கள் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை.

இரண்டாவது கன்ட்ரோலரையும் குத்தித்தான் வைத்திருக்கிறேன். உன் குள்ளன் ஆற்றின் இந்தக் கரையிலேயே நிற்கிறான். அவனை நகர்த்த ஆளில்லாமல் கொட்டாவி விடுகிறான்.

சுவாமிதாஸ்


பனச்சமூடு
ஜூலை 4, 2024

ஜெனிலுக்க அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு லேகாவைப் போனில் கூப்பிட்டு, நீங்கள் விளையாடும்போது போய்ப் பார்க்கச் சொன்னேன். கோபப்பட வேண்டாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மாமீ, டிங் டிங்குன்னு எங்க கெணத்தடி வரைக்கும் கேக்குது. ‘மாமா, இதுதான் மணி, கேக்கலியா?’ன்னு சோதிச்சேன். ‘நீ எதுக்கு முணுமுணுக்கிய?’ன்னு என்னைய ஏசுனாரு. நான் தொண்டை கிழியக் கத்துனதாக்கும் மாமீ.”

சேனல் சாகவில்லை. ஜெனிலும் அதையே சொன்னான். வயதானால் மேல்ஸ்தாயிச் சத்தம்தான் முதலில் போகுமாம். மணி, விசில், பெண்பிள்ளைகள் குரல். மத்தளமும் லாரியும் கடைசிவரை கேட்குமாம்.

அதைக் கேட்டபிறகு சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு மூன்று வருஷமாக நான் பேசுவதில்லை என்று நீங்கள் சொன்னதும், அதற்காக நாம் போட்ட சண்டைகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்றைக்கு நான் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டும் உண்மைதான். நீங்கள் வேண்டுமென்றே வரவில்லை என்று அக்காளிடம் சொன்னது தப்பு. அவளிடம் திருத்திச் சொல்லிவிட்டேன்.

பாறசாலையில் காது பார்க்கிற இடம் உண்டு. போய்ப் பாருங்கள். மெஷின் வைக்கச் சொன்னால் வையுங்கள். நீங்கள் சரி என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் வாறேன். இப்படியே வர எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை விழுந்தால் கூப்பிட என்னிடம் வேறு பெயர் இல்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பலகை முளைக்கும் முன்னால் அந்த இடத்தில் ஒரு மீன் தலை தூக்கும். நான் மணியைக் கேட்டுச் சாடு என்று சொன்னதில்லை, மீனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஞானபாய்


காரோடு
ஜூலை 9, 2024

ஞானபாய்க்கு,

என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் பேசுவது முழுதும் எனக்குப் புரிகிறது. என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு முன்பே தெரியும், அது வேறு விஷயம். ஊரில் ஒரு பெண்ணை விட்டு என்னைச் சோதித்துப் பார்க்க நீ யார்? காதில் மெஷின் வைத்துக்கொண்டு ரோட்டில் நடக்கிற ஆள் நான் அல்ல. வருகிறவள் நிபந்தனை போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

சுவாமிதாஸ்


காரோடு
ஆகஸ்ட் 11, 2024

அன்புள்ள ஞானபாய்க்கு,

பதில் இல்லை. தபால்காரர் ரோட்டில் போகிறபோது நானே வெளியே போய் நின்று பார்க்கிறேன். மழை விடாமல் பெய்கிறது. பெய்கிறது என்று ஜன்னலைப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஏழாம் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். மீன் தலை தூக்குவது உண்மைதான். கண் இருந்தால் போதும் என்று இதிலிருந்து தெரிகிறது. மணி எதற்கு? அக்கரையில் ஏறினபிறகு, இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று எழுதிக் காட்டுகிறது. கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து உன் குள்ளனையும் கொண்டுவரப் பார்த்தேன். அவனுக்காக மீனைப் பார்ப்பதற்குள் இவனைப் பூதம் அடித்துவிடுகிறது. அதை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வேறொரு வேலையும் செய்தேன். வாசல் பெல்லின் சத்தம் எனக்குப் பிடிக்காமல் போயிற்று, அதனால் பெல்லைக் கழற்றிவிட்டு அதன் வயரில் பல்ப் மாட்டினேன். தபால்காரர் சுவிட்சை அமுக்கினால் முன்னறையில் சிவப்பு பல்ப் எரியும். நன்றாக இருந்தது. மீதி வயர் கிடந்தது, வீணாக்க வேண்டாம் என்று அடுக்களையில் ஒரு சுவிட்ச் வைத்தேன், குளிமுறியில் ஒன்று வைத்தேன். நான் உட்காருகிற இடத்திலும் படுக்கிற இடத்திலும் பல்ப் உண்டு. காதைப் பற்றி நீ எழுதினதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அலக்குகல் பக்கத்திலும் ஒன்று வைத்திருக்கிறேன். தண்ணீர் படாதபடி மூடி போட்டது. அதை மட்டும் சுவரில் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தேன். படுத்துக் கிடந்து கையை நீட்டிப் பார்த்தேன், எட்டுகிறது. உன் கை என் கையைவிடச் சிறியது, அதனால் கல்லுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

ஆனால் அது வேலை செய்கிறதா என்று தெரியவில்லை. நான் வெளியே போய் அமுக்கினால் உள்ளே பல்ப் எரிவதைப் பார்க்க ஆளில்லை. அமுக்கின கையை எடுத்து ஓடி வந்து பார்ப்பதற்குள் அணைந்துவிடுகிறது. லேகாவிடம் கேட்க எனக்கு மனமில்லை.

ஒருவர் அமுக்க வேண்டும், ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.

சுவாமிதாஸ்