கை நனைத்தவர்களுக்கு ஓர் ஓட்டு

அப்பா,

விரலில் வைத்த மை இன்னும் காயவில்லை. கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் நிற்கிறேன். விரலை மூக்கருகே கொண்டுபோனால் அந்த மருந்து வாசனை. கண்ணை மூடினால் மலைதான் வருகிறது. பனிமூட்டம், சாமைக் கொல்லை, அதற்குள்ளிருந்து வெள்ளை வேட்டியில் மெல்ல இறங்கி வரும் நீ.

ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலம் போய், வெகுகாலம் கழித்துத்தான் உனக்கு ஓட்டு வந்தது. முதல் தேர்தலில் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி என்று நம் வீட்டுக்கு மலையேறி வந்தார்கள். இரண்டு கூட்டமும் அம்மா போட்ட சாமைச் சோற்றில் கை நனைத்தது. சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது பெண் பார்க்கப் போகிறவர்களின் வழக்கம். நம் வீட்டில் கை நனைத்தவர்களுக்கு ஓட்டு உண்டு என்று அதை நீ தேர்தலுக்கும் வைத்தாய். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னத்திலும் முத்திரை குத்திவிட்டு நிம்மதியாக வந்தாய்.

அம்மாவின் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "மச்சான், ரெண்டுல குத்தினா செல்லாதுயா! இம்மா வருசம் காத்துக்கினு இருந்து இன்னா பண்ணிட்டு வந்துகிற?"

"செல்லாட்டி போவுது. யாரையும் ஏமாத்தல இல்ல?" என்றாய்.

பிறகு மெஷின் வந்தது. அந்தத் தடவையும் இரண்டு கட்சியும் நம் வீட்டில் கை நனைத்திருந்தது. மெஷினில் ஒரு பொத்தானைத்தான் அமுக்க முடியும். உள்ளே போன நீ வெகுநேரம் வரவில்லை. "இன்னா பெரியவரே, தூங்கிட்டீங்களா?" என்று அதிகாரி குரல் கொடுத்தார். வெளியே வந்தபோது உன் முகத்தில் ஈயாடவில்லை. "இந்த மிஷினு என்னைப் பொய்யனா ஆக்கிடுச்சும்மா" என்றாய். அந்த வாரம் முழுக்க நீ சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் தொகுதி எல்லைகளை மாற்றினார்கள். சின்னசேலம் தொகுதி கனவு போலக் கலைந்தது. கள்ளக்குறிச்சி பேரில் ஒரு தொகுதி வந்தது. என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் அதற்குள் போனது. நீ இருந்த மலை சங்கராபுரம் தொகுதியில் நின்றது. "ஒரே வூட்டு ரத்தம், ரெண்டு எம்.எல்.ஏ.வா!" என்று சிரித்தாய். அடுத்த தேர்தலில் புது முகங்கள் மலையேறி வந்தன. ஒரு கட்சிக்காரர்களை நீ வாசலிலேயே நிறுத்தினாய்.

"மொதல்லயே சொல்லிடறேங்க, ஓட்டு உங்களுக்கு இல்ல. இஷ்டம் இருந்தா வந்து சோறு துன்னுங்க."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் போனதும் நீயும் வயிறாரச் சாப்பிட்டாய். உன்னைப் பார்க்க வந்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ போய்ச் சேர்ந்தபின் வந்த முதல் தேர்தல் இது. போன வாரம் என் வாசலில் சில பெண்கள் துண்டறிக்கையோடு நின்றார்கள். வெயிலில் முகமெல்லாம் கருத்திருந்தது. மோர்ச் சொம்போடு போனேன்.

"அக்கா, ஓட்டு நமக்குத்தான?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "இல்லம்மா, என் ஓட்டு வேற பக்கம். மோரு குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

முன்னால் நின்றவள் கொஞ்சம் தயங்கி, வாங்கிக் குடித்தாள். "எங்ககிட்ட யாரும் இப்பிடிச் சொன்னதில்லக்கா" என்று சொம்பைத் திருப்பித் தந்தாள்.

இன்று பொத்தானை அமுக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, அப்பா.